இரவுச் சந்தையில் பொரித்ததைச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. டிசம்பரில் குடும்பத்துடன் தைவானின் தைபே நகருக்குச் செல்கிறோம். ஷிலின் இரவுச் சந்தையில் பொரித்த உணவுகளைச் சாப்பிட வேண்டும் என்பது மகளின் ஆசை. வயிற்றுப்போக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஸ்கேனில் எனக்குப் பித்தப்பைக் கற்கள் இருப்பது தெரிந்தது. இதுவரை வலி வந்ததில்லை. மனைவிக்கு இறால் ஒவ்வாமை உண்டு. சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பது வயிற்றுப்போக்கைப் பற்றி, எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு செய்திகள்தான்.

முதலில் வயிறு. ஏறத்தாழ 170 டிகிரி சூட்டில் கொதிக்கும் எண்ணெயிலிருந்து கண்ணெதிரே எடுத்துத் தரப்படும் பண்டம், தெருவோர உணவுகளிலேயே கிருமி அபாயம் குறைந்த ஒன்று. அங்கே முகத்தைவிடப் பெரிதாக விற்கும் கோழி வறுவலைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இல்லாமல் ஆவி பறந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். முன்பே பொரித்துக் குவித்து ஆறவிட்டவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, மறுபடி பொரித்தாலும் அழியாது. நொதிக்கவைத்த சோயாக் கட்டியான நாற்ற டோஃபுவைவிட, அதன்மேல் வைத்துத் தரும் ஊறவைத்த முட்டைக்கோஸையும், சரியாக வேகாத சிப்பி ஆம்லெட்டையும்தான் நான் சந்தேகிப்பேன்.

இனி உங்கள் மனைவி. உப்புக் கோழி வறுவல் கடைகளில் கோழி, கணவாய், டோஃபு, காளான் எல்லாவற்றையும் வாடிக்கையாளரே இடுக்கியால் கூடையில் பொறுக்கிப் போட, கடைக்காரர் அவற்றை ஒரே எண்ணெயில் பொரித்து, துளசி இனத் தழையையும் அதிலேயே பொரித்துத் தூவித் தருவார். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சூட்டில் சிதையாதது. அந்த எண்ணெயில் இறாலும் பொரிக்கப்பட்டிருந்தால், வெறும் டோஃபுவே அவருக்கு ஆபத்தாகலாம். இறால் ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கணவாயும் ஒத்துக்கொள்ளாது. எனவே கோழி மட்டுமே பொரிக்கும் கடையைத் தேடுங்கள். 'இறால் ஒவ்வாமை' என்பதைச் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அவருக்கு முன்பு முகவீக்கமோ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், புறப்படும் முன்பே மருத்துவரிடம் கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி பற்றிப் பேசுவது அவசியம். ஒவ்வாமைக்கு வழக்கமாக விழுங்கும் செட்ரிசின் மாத்திரை அதற்கு ஈடாகாது.

உங்கள் கற்கள் இதுவரை மௌனமாக இருப்பதால் முழுத் தடை விதிக்க மாட்டேன். பெரும்பாலோருக்கு அவை கடைசிவரை தொந்தரவு தருவதில்லை. ஆனால் கொழுப்பு குடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கும். அப்போது கல் நகர்ந்து பித்தப்பையின் வாயை அடைத்தால்தான் வலி. பகலெல்லாம் நடந்து, பட்டினியாக இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மூன்று கடைகளில் வரிசையாக எண்ணெய்ப் பண்டங்களைச் சாப்பிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மகள் வாங்குவதில் நான்கு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

வலது விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தொடங்கி வலது தோள்பட்டைக்குப் பரவும் வலியை 'வாயு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது சில மணி நேரம் விடாமல் நீடித்தாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையின் நகலைப் பாஸ்போர்ட்டுடன் வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது இந்தக் கற்களை மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள்.