இங்க்ஜெட் பிரிண்டரில், பளபள அட்டையில் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை மஞ்சள் தடவினால் கலைகிறதா?

புது பிரிண்டர் வேண்டாம், அட்டையை மாற்றுங்கள். பளபளப்பு இல்லாத மேட் அட்டை, 200 முதல் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) போதும். நீங்கள் வாங்கியது 300 ஜிஎஸ்எம் பளபள அட்டை என்றால், அது அச்சகங்களில் செய்யும் ஆப்செட் அச்சுக்கானதாக இருக்கலாம். இங்க்ஜெட் மை அதில் ஊறாமல் மேலேயே நிற்கும். நாலு மூலையிலும் ஈர மஞ்சளைத் தடவினால் கலையாமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணமும் இருக்கலாம். மை ஊற்றி நிரப்பும் பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும்தான் தண்ணீரில் எளிதில் கரையாத பிக்மென்ட் மை. மற்ற வண்ணங்கள் தண்ணீரில் கரையும் டை மை. செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று வைத்தால், கருப்பு எழுத்தையே வண்ண மைகளைக் கலந்துதான் அடிக்கும். அதுவும் கரையும்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. பேப்பர் வகையைப் பிளெயின் என்று மாற்றி, மேட் அட்டையில் கருப்பில் இரண்டு வரி, சிவப்பில் இரண்டு வரி அடியுங்கள்.
2. ஒரு இரவு காயவிட்டு, ஈர விரலால் தேயுங்கள்.

சிவப்பு மட்டும் கலைந்தால் பெயர், முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாவற்றையும் கருப்பிலேயே வையுங்கள். மூலைகளில் பூ டிசைன் போடாமல் வெறுமனே விடுங்கள், மஞ்சளுக்கு அதுதான் இடம்.

அட்டையைப் பின்பக்கத் தட்டு வழியாக ஒவ்வொன்றாகக் கொடுங்கள். முன்தட்டில் அது வளைந்து திரும்ப வேண்டும், சிக்கிக்கொள்ளும். லேசர் பிரிண்டர் என்றால் ஈரப் பிரச்சினை இல்லைதான். ஆனால் மடிப்பில் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) உதிரும், அங்கே எழுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.