கணுக்கால் முறிவு: எந்த பிளேட், எவ்வளவு பலம்?

1 மில்லிமீட்டர் விலகலுக்கெல்லாம் ஆபரேஷன் தேவையா, டாக்டர்?

கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42 சதவீதம் குறைவதாக 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பயம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பிற்காலச் சோதனைகளில், உள்பக்க இணைப்பு நார் அறுபடாமல் இருந்தால் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலா முறிந்தாலும் தாலஸ் பெரிதாக விலகவில்லை. அந்த நார் நன்றாக இருந்தால், பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே கூடிவிடும்.

முறிந்த எலும்பைப் பிடிக்கும் உலோக பிளேட்டுகளில் எது பலமானது என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

பெரும்பாலும் உடல்தானம் செய்தவர்களின் கால்களில். ஆளுக்கு ஆள் எலும்பின் அடர்த்தி மாறும் என்பதால், ஒரே நபரின் இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி முறிவை ரம்பத்தால் உண்டாக்கி, ஒன்றில் சாதாரண பிளேட்டும் மற்றதில் ஸ்க்ரூ பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட்டும் பொருத்துவார்கள். பிறகு இயந்திரத்தில் மாட்டி, மேலிருந்து அழுத்தி, பாதத்தை வெளிப்பக்கம் முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான சுற்றுகள் இப்படி ஓடும், கடைசியில் உடையும்வரை. இந்த ஆய்வுகளில் நான் முதலில் தேடுவது உடைந்த விதத்தை. தேய்ந்த எலும்பில் பெரும்பாலும் பிளேட் அப்படியே இருக்கும், ஸ்க்ரூதான் பிடி விட்டுக் கழன்று வரும்.

அம்மாவுக்கு 72 வயது, எலும்புத் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. லாக்கிங் பிளேட்டே போடச் சொல்லலாமா?

அதில் ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரையோடு பூட்டிக்கொள்ளும். எலும்பை மட்டும் நம்பி நிற்காது. அதனால் தேய்ந்த எலும்புக்கு நல்லதுதான். ஆனால் பல லாக்கிங் பிளேட்டுகள் தடிமனானவை, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புக்கு மேல் தோலைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறுவதுதான் என் முதல் கவலை, அதை எந்த இயந்திரமும் அளக்காது. சாதாரண பிளேட்டையே ஃபிபுலாவின் பின்பக்கம் வைத்தால் பக்கவாட்டில் வைப்பதைவிடப் பலம் கூடும் என்று 1987-இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதையும் சர்ஜனிடம் கேளுங்கள்.

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் விலகினால் சேர்த்துப் பிடிக்க ஸ்க்ரூவா, பட்டன் வைத்த கயிறா?

ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்கும், நடக்கும்போது சில சமயம் உடையும். கயிறு ஃபிபுலாவின் இயல்பான சிறு அசைவை அனுமதிக்கும், ஆனால் விலை அதிகம். எதுவானாலும் எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தில் இவ்வளவு சுற்றுகள் தாங்குகிறதே, சீக்கிரம் கால் ஊன்றலாமா?

அதற்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு 2 வாரத்தில் ஊன்றியவர்கள் 6 வாரம் காத்திருந்தவர்களைவிட மோசமாக இல்லை. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை எக்ஸ்ரேயையும் தையலையும் பார்த்து உங்கள் சர்ஜன் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போகும் தொல்லை இருந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.