எண்ணூர் ஆற்றில் தூண்டில்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: வரும் சனி, ஞாயிறு எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் தூண்டில் போட நான்கு பேர் கிளம்புகிறோம். போன முறை இரை காலியாகி வெறும் முள்தான் திரும்பியது. ஈயக்குண்டும் கல்லில் மாட்டி அறுந்துகொண்டே இருந்தது. எப்போது போவது, எப்படிக் கட்டுவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: லீவு நாளைப் பார்த்த பிறகு ஓத நேரத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் பாருங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றம் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும்தான் கரைத் தூண்டிலுக்கு ஏற்றவை. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 6 மணிக்கு நீர் நிறைந்தால், மறுநாள் ஏறக்குறைய 6.50. முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இன்னும் தாமதமாகும். வற்றம் வேகமெடுத்ததும் முகத்துவாரத்தில் இழுப்பு கடுமையாக இருக்கும். அங்கே முழங்கால் தண்ணீரில்கூட இறங்க வேண்டாம்.

இரையைக் காலி செய்வது பெரும்பாலும் பொடிமீனும் நண்டும்தான். முழு இறாலைக் கோர்த்தால் ஓரத்தைக் கொத்தியே தின்றுவிடும், முள் வாய்க்குள் போகாது. தோலுரித்து ஒரு சென்டிமீட்டர் துண்டாக்கி, 8ஆம் நம்பர் முள்ளில் முனை வெளியே தெரியக் கோர்த்து, தையல் நூலால் நாலு சுற்று சுற்றுங்கள். கிழங்கான் மீனின் சின்ன வாய்க்கு இதுதான் அளவு. நண்டு விடவில்லையென்றால் ஈயத்துக்கு ஒரு அடி மேலே கிளை நரம்பு (பக்கவாட்டில் ஒரு தூண்டில் இழை) கட்டி முள்ளை மாட்டுங்கள்.

பாலத்தூணிலும் கல்லிலும் சிப்பி ஒட்டியிருப்பதால் ஈயம் மாட்டுகிறது. மெயின் நரம்பு 0.35 மி.மீ. என்றால், ஈயத்தை மட்டும் 0.20 மி.மீ. துண்டு நரம்பில் தொங்கவிடுங்கள். மாட்டினால் அந்தத் துண்டுதான் அறும். முள்ளும் மீனும் கைக்கு வரும். கொடுவா மீனுக்குப் போட்டால் பெரிய 2/0 முள்ளும், அதற்கு முன்னால் இரண்டடி தடித்த நரம்பும் கட்டாயம். அதன் செவுள் மூடி கத்திபோல அறுத்துவிடும்.

கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் துடுப்பு முள் குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அங்கே பிடிக்கும் மீனைக் குழம்பு வைக்கலாமா?
– வாசகி, மணலி

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் பதில். அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆறு இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. மீன் சதையில் ஏறிய உலோகம் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. பிடித்ததை ஈரக்கையால் எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். சமைக்கத்தான் மீன் வேண்டுமென்றால், பொன்னேரிக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போங்கள். அங்கே மீனவர்கள் பாடு முறையில் இடம் பிரித்து வலை கட்டுகிறார்கள்; அவர்களைக் கேட்காமல் வலைப் பக்கம் தூண்டில் வீசக் கூடாது.