பால்கனிக்கு வருவது அண்டங்காக்கைதான், ரேவன் அன்று

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். அமாவாசையன்று பால்கனிச் சுவரில் சோறு வைத்தால், ஊர்க்காக்கைகளோடு உடல் முழுதும் கறுப்பான பெரிய காக்கை ஒன்றும் வருகிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதை ‘ரேவன்’ என்கிறான். அகராதியைத் திறந்து, ரேவன் என்றால் அண்டங்காக்கை என்று போட்டிருப்பதையும் காட்டுகிறான். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, அண்டங்காக்கை வாய் வைத்த சோறு முன்னோருக்குப் போய்ச் சேராது என்று சொல்லிக் கம்பெடுத்து விரட்டுகிறார். அது ரேவனா, காக்கையா? விரட்டத்தான் வேண்டுமா? டிசம்பரில் பிகானேர் போகிறோம். அங்கே ரேவன் இருக்கிறது என்கிறானே, உண்மையா?
– ஒரு வாசகி, தில்லி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பால்கனிக்கு வருவது அண்டங்காக்கைதான். ஆனால் அண்டங்காக்கை ரேவன் அன்று. மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள், தவறு அகராதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேவன் கிடையாது. அதனால் நம் மக்கள் அதற்குத் தனியாக ஒரு பெயர் வைக்கவில்லை. அகராதி தொகுத்தவர்கள் பெரிய கறுப்புக் காக்கை என்றதும் அண்டங்காக்கை என்று எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் ஆங்கிலக் கதைகளில் ரேவனைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே அதைத் தேடுகிறார்கள். லண்டன் கோபுரக் கோட்டையில் ஆறு ரேவன்களுக்குக் குறையாமல் வளர்க்கிறார்களே, அது வேறு பறவை.

உங்கள் மகன் கேட்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காக்கை, அண்டங்காக்கை, ரேவன் மூன்றும் ‘கோர்வஸ்’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காக்கை ஒரு குலம், ரேவன் இன்னொரு குலம் என்று இயற்கை கோடு கிழிக்கவில்லை. அந்த இனத்தில் உருவம் பெருத்த சிலவற்றை ஆங்கிலத்தில் ரேவன் என்று அழைத்துப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஊர்க்காக்கையை அதன் கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். இந்தச் சாம்பல் தென்கோடியிலும் இலங்கையிலும் அடர்ந்திருக்கும், வடமேற்கே போகப்போக வெளுக்கும். நீளம் 40 சென்டிமீட்டர், எடை 300 கிராம் அளவில் இருக்கும். மழையில் நனைந்துவிட்டாலோ, வெயிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாலோ இதுவே முழுக் கறுப்பாகத் தெரியும். ஆகையால் ஒரு பார்வையில் முடிவு செய்யாதீர்கள்.

அண்டங்காக்கைக்குச் சாம்பல் கிடையாது. அலகைப் பாருங்கள், அடையாளம் அங்கேதான் இருக்கிறது: தடித்து, மேல்பகுதி வில்லாக வளைந்திருக்கும். நெற்றி அலகுக்கு மேல் செங்குத்தாக எழும். குரல் கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து வரும். ஊர்க்காக்கை கூட்டத்தோடு இரைச்சலாக வந்து இறங்கும். இது பெரும்பாலும் தனியாகவோ இணையோடோ வந்து சற்றுத் தள்ளி உட்காரும். கரோல் பாகில் என் மொட்டைமாடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். காய்ந்த ரொட்டித் துண்டு கிடைத்தால் ஊர்க்காக்கை அதைக் கூலரடியில் தேங்கிய தண்ணீருக்குத் தூக்கிப்போய், இரண்டு மூன்று முறை முக்கி, ஊறியபின் தின்னும். ஒருநாள் அண்டங்காக்கை ஒன்று அதே ரொட்டியைக் காலால் அமுக்கிக்கொண்டு ஓரத்திலிருந்து கிழித்துக் கிழித்துத் தின்றது. கை நீட்டினால் தொடும் தூரம். கறுப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற அந்த இறகில் நீலமும் ஊதாவும் மாறிமாறி ஓடின.

ரேவனின் அளவே வேறு. நீளம் 60 சென்டிமீட்டர் இருக்கும், எடை ஒரு கிலோவைத் தாண்டும், சிறகை விரித்தால் நான்கு அடி. தொண்டையில் இறகுகள் தாடிபோலக் கலைந்து தொங்கும். பறக்கும்போது வாலைப் பாருங்கள்: நடு இறகுகள் நீண்டு, ஆப்பு வடிவில் முடியும். ஊர்க்காக்கையின் வால் விசிறிபோல உருண்டு முடியும். ரேவன் ‘கா’ என்று கரையாது. ‘க்ரோங்க்’ என்று அடிவயிற்றிலிருந்து முழங்கும். பருந்துபோலச் சிறகசைக்காமல் வட்டமிடும், நடுவானில் மல்லாந்து புரண்டு திரும்பும். இந்தியாவில் அது இருப்பது ராஜஸ்தான், பஞ்சாப் போன்ற வடமேற்கு வறண்ட நிலங்களிலும், லடாக் போன்ற இமயத்தின் உயரங்களிலும். பூட்டானின் தேசியப் பறவை அதுதான். சிம்லா, முசூரி பக்கம் போய் ரேவனைப் பார்த்ததாகச் சொல்பவர்களில் பலர் பார்த்தது மலையில் வாழும் பெரிய அண்டங்காக்கையைத்தான்.

இனி உங்கள் மாமியார் விஷயம். சாஸ்திரம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா ‘கா கா’ என்று அழைத்துப் பிண்டம் வைத்த நாட்களில், வந்த காக்கையின் கழுத்து நிறத்தை யாரும் பார்த்ததில்லை. அது தொட்டால் போதும் என்று காத்திருந்தார்கள். புரட்டாசியில் மகாளய பட்சம் நமக்கு, அதே நாட்களில் ஷ்ராத் இங்குள்ளவர்களுக்கு. அப்போது தில்லியில் எத்தனை பேர் தட்டோடு மாடியில் நின்று, ஒரு காக்கையாவது வராதா என்று வானத்தைப் பார்க்கிறார்கள் தெரியுமா? உங்கள் வீட்டுக்குத் தானாக வருகிறது. கம்பை எடுத்து உள்ளே வையுங்கள். கறுப்பாகப் பிறந்த பிள்ளைகளை ‘அண்டங்காக்கை’ என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைக் கெடுத்துவிட்டோம். உங்கள் மகன் காதிலும் அது வசவாக விழ வேண்டாம்.

மாமியாரோடு வாதம் செய்யாதீர்கள். திருநெல்வேலியில் அவர் இரண்டு காக்கைகளையும் பார்த்து வளர்ந்தவர். குரலைக் கேட்டே இன்னது என்று சொல்லிவிடுவார். அடுத்த அமாவாசைக்குச் சோற்றை இரண்டு இடத்தில் வையுங்கள், நடுவே நாலடி இடைவெளி விட்டு. பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது கரைகிறது என்று கேட்கச் சொல்லுங்கள், பாட்டி சரி பார்க்கட்டும். மீந்த சோற்றைச் சாயங்காலத்துக்குள் எடுத்துச் சுவரைக் கழுவிவிடுங்கள். 2021 ஜனவரியில் உங்கள் பகுதியிலேயே காக்கைகள் பறவைக் காய்ச்சலில் செத்து விழுந்தது நினைவிருக்கும். சோர்ந்தோ செத்தோ கிடக்கும் பறவையை மகன் கையால் தொடக் கூடாது.

பிகானேர் பற்றி உங்கள் மகன் சொல்வது முழு உண்மை. ஊருக்கு வெளியே ஜோர்பீர் என்ற இடத்தில் செத்த கால்நடைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். குளிர்காலத்தில் அங்கே பிணந்தின்னிக் கழுகுகள் நூற்றுக்கணக்கில் கூடும், அவற்றின் நடுவே ரேவன்களும் இருக்கும். காலையில் போங்கள். வாடை கடுமையாக இருக்கும், மூக்கை மூட ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைத் தாடியை முதலில் கண்டுபிடிப்பது பேரனா பாட்டியா என்று எனக்கு எழுதுங்கள்.