பதில்: ஏஞ்சல் மீனின் துடுப்பு கிழிந்துகொண்டே இருக்கிறது

தண்ணீர் சோதனை சரியாக இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் மருந்து வேண்டாம். உங்கள் 200 லிட்டர் மீன் தொட்டியில் ஒரு ஆஸ்கர், இரண்டு ஏஞ்சல், நான்கு மஞ்சள் லேப்: துடுப்பைக் கிழிப்பது நோய் இல்லை, கூட இருக்கும் மீன்கள்தான்.

மூன்றும் சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான். ஆனால் சிக்லிட் குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காக ஒத்துப்போய்விடாது. ஏஞ்சல் அமேசான் பகுதியின் மெதுவான, மென்மையான (தாது உப்பு குறைந்த) நீருக்குப் பழகியது. மஞ்சள் லேப் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழ்வது. அதற்குக் கடினத்தன்மை அதிகமுள்ள நீர், பிஎச் (அமில, கார அளவு) 8-ஐ ஒட்டி வேண்டும். மபுனா என்ற மலாவி பாறை மீன் வகையில் இதுதான் சாது. ஆனாலும் நீளத் துடுப்போடு மெல்ல நீந்தும் ஏஞ்சல் அதன் பக்கத்தில் தாக்குப்பிடிக்காது.

ஆஸ்கரை முதலில் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது விரல் நீளம்தான், சரி, ஆனால் 30 செ.மீ. வரை வளரும். வாயில் நுழைவதை எல்லாம் விழுங்கும். அதற்கு இந்தத் தொட்டி எப்படியும் போதாது. (புத்திசாலி மீன், ஆளை அடையாளம் கண்டு முன்னால் வந்து நிற்கும். பிரிய மனசு வராதுதான்.)

அப்புறம் ஏஞ்சலா, லேப்பா என்று முடிவு செய்யுங்கள். லேப் என்றால் பாறைகளை அடுக்கி நிறைய பொந்துகள் விடுங்கள். புது மீன் சேர்க்கும்போது அடுக்கை மாற்றினால் பழைய எல்லைச் சண்டை குறையும். ஏஞ்சல் என்றால் உயரமான செடிகள், கூட ஒரு ஜோடி போலிவியன் ராம் (சாதுவான சின்ன சிக்லிட்). என் ஓட்டு ஏஞ்சலுக்கு. உங்கள் குழாய் நீரின் பிஎச் எவ்வளவு?