ராத்திரி யாரும் வரவில்லை, பகலில் யாரும் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு வயது 44. ஏற்காட்டில் இருக்கிறோம். போன மாதம் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்து நாள் இருந்தேன். ராத்திரி வலி தாங்காமல் பெல் அடித்தால் அரை மணி நேரமாவது ஆகும். வந்த நர்ஸ், ‘இதுக்கே இப்படியா?’ என்றார். சினைப்பையையும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு டாக்டர், ‘எல்லாம் சார்கிட்ட சொல்லியாச்சு’ என்று போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கோ சரியாக ஞாபகமில்லை. ‘ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுல்ல, விடு’ என்கிறார். மனசு ஆறவில்லை. புகார் கொடுக்கலாமா?
– ஏற்காடு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகக் கொடுக்கலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய விஷயம்தான், அதில் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பில்லை எடுத்துப் பாருங்கள், நர்ஸிங் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வாங்கிய காசுக்குக் கவனித்தார்களா என்று கேட்பதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

பெல்லைவிட எனக்கு உறுத்துவது டாக்டர் சொன்ன பதில்தான். உங்கள் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை! முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பெயர் இருக்கும் இடத்தில் ‘டி.ஏ.எச்.’ என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பையோடு சரி. கூடவே ‘பி.எஸ்.ஓ.’ என்றும் இருந்தால் இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் சேர்ந்து போய்விட்டன. அப்படியானால் மாதவிலக்கு நிற்கிற காலத்துத் தொந்தரவுகள் மெதுவாக வராது, சட்டென்று வரும். உடம்பு திடீரென்று சுடுவது, வியர்ப்பது, தூக்கம் கெடுவது, போகப்போக எலும்பு பலவீனமாவது எல்லாம் உண்டு. அதற்கு என்ன செய்வது என்று டாக்டர் உங்களிடம்தான் பேச வேண்டும். எடுத்த கர்ப்பப்பையை பயாப்சிக்கு அனுப்புவது வழக்கம். அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் வாங்குவதே இல்லை.

சம்மரியில் தெளிவில்லை என்றால் கேஸ் ஷீட்டின், அதாவது உங்களுக்குச் செய்த சிகிச்சையை எழுதிவைத்த பதிவேட்டின், நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு வலி ஊசி போட்டார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். புகாருக்கு அதுதான் பிடிமானம்.

அப்புறம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம். ‘கவனிப்பு சரியில்லை’ என்று எழுதினால் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு பெல் அடித்தீர்கள், எப்போது வந்தார்கள் என்று எழுதுங்கள். அந்த நர்ஸ் பேசியது தப்புதான். ஆனாலும் அவரைத் திட்டுவதைவிட, அன்றைக்கு வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று கேளுங்கள். அவர் ஒற்றை ஆளாக எத்தனை கட்டிலைப் பார்த்தாரோ! பதில் வராவிட்டால் மாவட்ட மருத்துவ இணை இயக்குநருக்கு எழுதலாம். தனியார் ஆஸ்பத்திரிகளை முறைப்படுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு வருடத்துக்குள் போகலாம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பெல்லுக்காக மட்டும் அந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். உங்களிடம் கேட்காமலே சினைப்பையை எடுத்திருந்தால் கதை வேறு. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த ஒரு வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் இந்த வாரமே சேலத்துக்கு ஓட வேண்டாம். கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். ஆறு வாரம் ஆகும்வரை தண்ணீர்க்குடம், சிலிண்டர் எதையும் தூக்காதீர்கள். செக்கப்புக்கு இறங்கும்போது பஸ் வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவிலும் தையல் இழுக்கும். காரில் உட்கார்ந்து சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.