சவுத்தாம்ப்டன்: கப்பலுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் மாலை 4 மணிக்குக் கப்பல். அன்று காலை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினால் போதாதா?

கணக்குக்குப் போதும். ஆனால் நான் அப்படிப் போக மாட்டேன். ஹீத்ரோவிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய 2 மணி நேரம். கப்பல் 4 மணிக்குக் கிளம்பினாலும் ஆளேற்றுவதை அதற்கு வெகு முன்பே முடித்துவிடுவார்கள். முந்தைய நாளே போய்ச் சேருங்கள்.

கேள்வி: ஹோட்டல் எந்தப் பக்கம் எடுக்கலாம்?

முதலில் டிக்கெட்டில் முனையத்தின் பெயரைப் பாருங்கள். ஓஷன், குயின் எலிசபெத் 2 இரண்டும் கிழக்குத் துறையில். சிட்டி, மேஃப்ளவர், ஹொரைசன் மூன்றும் மேற்கில். டாக்ஸியில் “துறைமுகம்” என்று மட்டும் சொன்னால் எங்காவது கொண்டுபோய் விடுவார்கள். ஊர் நடுவிலுள்ள பழைய கோட்டை வாசலான பார்கேட் பக்கம் தங்கினால் எதற்கும் கிட்டம்.

கேள்வி: அரை நாள் இருக்கிறது. டைட்டானிக் தவிர என்ன உண்டு?

பார்கேட்டில் தொடங்கும் பழைய கோட்டைச் சுவர் உண்டு. 1620-இல் அமெரிக்காவில் குடியேறப் போனவர்களின் மேஃப்ளவர் கப்பல் முதலில் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். இருந்தாலும் டைட்டானிக்கைத் தவிர்க்காதீர்கள். பணக்காரப் பயணிகளின் கதை உலகுக்கே தெரியும்; இங்கே கேட்பது வேலைக்காரர்களின் கதை. 1912-இல் நிலக்கரி வேலைநிறுத்தத்தால் கப்பல்கள் முடங்கி, ஊரில் பிழைப்பில்லை. கிடைத்த வேலை என்று ஏறினார்கள் கரி தள்ளுபவர்களும் பணியாளர்களும். ஏப்ரல் 10-இல் கிளம்பிய கப்பல் ஐந்தே நாளில் மூழ்கியது. இந்த ஊரில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வீடுகளில் சாவு. சீசிட்டி அருங்காட்சியகத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் அருகிலுள்ள பூங்காவில் என்ஜினியர்களின் நினைவுச் சின்னம். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கேள்வி: காலையில் கப்பல் திரும்புகிறது, இரவு விமானம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தைப் பார்த்துவிடலாமா?

பெட்டிகளோடா? வேண்டாம். சாலிஸ்பரிக்கு ரயில், அங்கிருந்து பஸ், திரும்பவும் அதே அலைச்சல். முன்பு தங்கிய ஹோட்டலில் கேட்டுப் பெட்டியை வைத்துவிட்டு, ரயிலில் 20 நிமிடம் போல ஆகும் வின்செஸ்டருக்குப் போய்வாருங்கள். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் கல்லறை அங்குள்ள பேராலயத்துக்குள்தான்.

கேள்வி: இந்திய பாஸ்போர்ட். பிரிட்டன் விசா இருக்கிறது, நார்வே கப்பலுக்கு அது போதுமா?

போதாது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த விசாவும் கையில் இல்லாவிட்டால் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.